பதினான்காம் எண் சாவி

செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருடமாய் லாரிகளை நிறுக்கிறேன்.
குலையோடு ஒருமுறை, வெறுமையாய் ஒருமுறை.
கழித்தால் வருவதுதான் உண்மை.
அப்படிப்பட்ட நான்
புக்கிட் ரோத்தான் பாசார் மாலாமில்
நூற்றெட்டுத் துண்டு சாவிப்பெட்டியை
முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கி வந்தேன்,
ஒன்றைக்கூடக் கையில் தூக்கிப் பார்க்காமல்.

நூற்றெட்டு.
அர்ச்சனைக்குக் கணக்காகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைவிக்கு எண்ணெய் மாற்றப் படுத்தேன்.
பதினான்கை வடிகால் திருகில் மாட்டி அழுத்தினால்
சாவி வாயைப் பிளந்தது.
திருகின் ஆறு மூலையில் நான்கு
குளித்து மிஞ்சிய சோப்பு மாதிரி ஆயின.

"என்னா மங்களேஸ், போமன்கிட்ட விடலாம்ல?"
எதிர்வீட்டு நாகம்மா, கையில் ஈரத்துணி.
போமன் நூறு வெள்ளி கேட்பான்.
அதுகூடப் பரவாயில்லை,
என்ன எண்ணெய் ஊற்றினான் என்று சொல்லமாட்டான்.
நிறுக்காத சரக்குக்கு
நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மறுநாள் வேலை விட்டு நேராக லீ சூன் இரும்புக்கடை.
ஆ மூய் கண்ணாடி மேசைமேல் இரண்டை வைத்தாள்.
"இத்து முரா. இனி பாகுஸ்."
மலிவு ஒன்று, நல்லது ஒன்று.
விலை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இரண்டையும் உள்ளங்கையில் ஏந்தினேன்.
ஒன்று பிளாஸ்டிக் வளையல்.
மற்றது,
தூங்கிப்போன குழந்தையின் கை.

பளபளப்பை விட்டுவிட்டு உள்வாயைப் பார்த்தேன்.
பன்னிரண்டு மூலை சட்டென்று ஏறும், சட்டென்று வழுக்கும்.
ஆறு மூலை தேடித்தான் உட்காரும்,
உட்கார்ந்தால் எழாது.
ஆறிலேயே எடுத்தேன்.
பேட்டரி முனைக்குப் பத்து. பன்னிரண்டு. பதினான்கு.
இந்த வாரக் காரியத்துக்கு மட்டும் ஒரு பதின்மூன்று.
உள்ளே ரப்பர் வைத்த பதினாறு,
ஸ்பார்க் பிளக்கைக் கிணற்றுக்குள்ளிருந்து கவ்வி எடுக்க.
பின்னால் போகும்போது மட்டும் பேசும்
ராட்செட் பிடி ஒன்று.

டயர் நட்டுக்குச் சிலுவைச் சாவி, இருபத்தொன்று.
காரோடு வந்தது குட்டை.
ஜெராம் சாலையில், மழையில்,
அதன்மேல் ஏறி நின்று குதித்தவள் நான்,
கைலி கட்டிய ஒருவர் மோட்டாரை நிறுத்தும்வரை.
பிடி நீளமாயிருந்தால்
என் எடையே போதும்.

அப்புறம் தாங்கிகள், ஒரு ஜோடி.
ஜாக்கி தூக்கும், தாங்காது.
இரண்டும் வேறு வேறு வேலை.
மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் விலை.
அந்த மாதம் கூட்டுப் பணம் எனக்கு விழுந்திருந்தது,
மெல்லிசாய் ஒரு காப்பு நினைத்திருந்தேன்.

"உந்துக் சுவாமி?" என்றாள் ஆ மூய்.
கணவருக்கா என்று கேட்கிறாள்.
சிரிப்பு வந்துவிட்டது.
சாமிக்கு நூற்றெட்டு வீட்டில் இருக்கிறது, இது எனக்கு.
தமிழில் சொன்னேன்.
அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

பதின்மூன்றைச் சுத்தியலால் அறைந்து ஏற்றினேன்,
மொட்டைத் திருகின் தலைமேல்.
முனகியது. பிறகு வந்தது.
கறுப்பாய், வெதுவெதுப்பாய் எண்ணெய்
முழங்கைவரை இறங்கியது.
புதுத் திருகு, புது வளையம்.
இறுக்கும்போது பலத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்தேன்;
அடுத்த முறை கழற்றப்போவதும் நான்தானே.

காலையில் குனிந்து பார்த்தேன்.
அடியில் விரித்த மைலோ அட்டையில்
ஒரு பொட்டுகூட இல்லை.

லாரி வராத நேரமாய்ப் பார்த்து
மைவியை எடைமேடையில் ஏற்றி இறங்கினேன்.
வாங்கிய புதிதில் தொள்ளாயிரத்து அறுபது.
இப்போது தொள்ளாயிரத்து எழுபது.
"பெட்ரோலா இருக்கும்கா" என்றான்
இரவு ஷிப்டு முடித்த தனபாலன்.

இருக்கலாம்.
ஆனாலும் கழித்தேன்.